பீப்பாய் அறையில் தீக்குச்சி

வேலை மெனக்கெட்டு என் மகள் செய்த காரியம் இது. பெங்களூரிலிருந்து லீவுக்கு வந்தவள் சும்மா இருக்காமல் என் லேப்டாப்பை வாங்கி என்னென்னவோ தட்டினாள். "சொல்லிக்கிட்டே இருப்பியேம்மா, மணி விளையாட்டு. கிடைச்சிருச்சு பாரு" என்று என் பக்கம் திருப்பி வைத்துவிட்டுக் குளிக்கப் போய்விட்டாள். கறுப்புத் திரை. பச்சை எழுத்தில் நான்கு வரி. அதற்குக் கீழே ஒரு சின்னக் கட்டம் விட்டுவிட்டு மின்னிக்கொண்டிருந்தது. ஐம்பத்தைந்து வயதுக்காரி, இரண்டு தடவை ஆபரேஷனுக்குப் படுத்து எழுந்தவள், நான்கு வரிக்குப் பயந்து நாற்காலியின் மேல் காலைத் தூக்கி வைத்துக்கொண்டேன். சிரிக்காதீர்கள். காரணம் இருக்கிறது.

படமே இல்லாத விளையாட்டு அது. எல்லாம் எழுத்துதான். நீ ஒரு மலைக்கோட்டையின் அடியில் நிற்கிறாய், வடக்கே ஒரு வாசல் இருக்கிறது என்று ஆங்கிலத்தில் எழுதிக் காட்டும். 'கோ நார்த்' என்று தட்டினால் உள்ளே கொண்டுபோய் விடும். 'டேக் ரோப்' என்றால் கயிற்றை எடுத்துக்கொள்ளும். கோட்டைக்கு அடியில் எங்கேயோ ஒரு வெண்கல மணி கிடக்கிறது, அதைத் தேடி வெளியே கொண்டுவர வேண்டும். கையில் இருப்பது ஒரு தீப்பெட்டி மட்டும். ஒரு குச்சி கிழித்தால் நிற்கிற அறை தெரியும். கிழிக்காமல் இருட்டில் நின்றால், 'உன் பக்கத்தில் ஏதோ மூச்சு விடுகிறது' என்று ஒரு வரி வரும். அந்த வரியை முதன்முதலில் படித்த அன்று சாப்பாட்டைப் பாதியில் மூடி வைத்தேன். என்ன பிராணி என்று படம் போட்டுக் காட்டியிருந்தால்கூடப் பார்த்துவிட்டுப் போயிருப்பேன். எது என்று சொல்லாமல் விட்டார்கள் பாருங்கள், அது சாயங்காலம் என்னோடு பஸ் ஏறி விருதுநகர் வரைக்கும் வந்தது.

விருதுநகரில் அப்பாவுக்கு வத்தல் மண்டி. பெண்பிள்ளையை வேலைக்கு அனுப்புவதா என்று வீட்டில் ஒரே பேச்சு. சிவகாசியில் அப்பாவுக்குத் தெரிந்தவர் ஒருவர் நடத்திய அச்சகத்துக்குப் புதிதாகக் கம்ப்யூட்டர் வந்திருந்தது. "ஏசி ரூம்ல உக்காந்து பாக்குற வேலைதான" என்ற ஒரு காரணத்துக்காக விட்டார்கள். காலண்டருக்குத் தேதி, நட்சத்திரம், ராகுகாலம், எமகண்டம் அடிப்பது என் வேலை. ஒரு எழுத்து மாறினால் ஊர் உலகத்துக்கெல்லாம் எமகண்டம் மாறிப்போகும் என்று மானேஜர் முதல் நாளே மிரட்டி வைத்திருந்தார். இயற்கையிலேயே நான் பயந்தாங்கொள்ளி, இதில் அவர் வேறு.

செல்வி எனக்குப் பிறகு மூன்று மாதம் கழித்துச் சேர்ந்தாள். பன்னிரண்டாவது முடித்து, டைப்ரைட்டிங்கில் ஹையர் பாஸ் பண்ணியவள். ஊர் ஆமத்தூருக்குப் பக்கத்தில். அப்பா இல்லை. அம்மா பாக்கியத்துக்குப் பட்டாசுக் கம்பெனியில் மருந்து செலுத்துகிற வேலை, அதாவது வெடிக்குழாய்க்குள் வெடிமருந்தை அடைப்பது. அந்த வீட்டில் பட்டாசு வேலைக்குப் போகாத முதல் ஆள் செல்விதான். "நான் இருக்கேன்ல, நீ அந்தப் பக்கமே வரக் கூடாது" என்று அம்மா சத்தியம் வாங்கியிருந்ததாம்.

கம்ப்யூட்டர் அறைக்குச் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் போக வேண்டும். தூசி பட்டால் மெஷின் படுத்துவிடும் என்று மாதம் ஒருமுறை மதுரையிலிருந்து வருகிற சர்வீஸ் இன்ஜினியர் போட்ட சட்டம். முதல் நாள் செல்வி செருப்பைக் கழற்றினாள், தலையிலிருந்த ஹேர்பின்னை உருவி வெளியே வைத்தாள், அப்புறம் நிலைக்கதவு ஓரமாகக் கையால் துழாவினாள். என்ன தேடுகிறாய் என்றேன். "தகட்டைக் காணோமேக்கா" என்றாள். பட்டாசுக் கம்பெனியில் ஒவ்வொரு அறை வாசலிலும் செப்புத் தகடு பதித்திருப்பார்கள். உடம்பிலிருக்கிற கரண்ட் இறங்கட்டும் என்று அதைத் தொட்டுவிட்டுத்தான் மருந்து இருக்கிற அறைக்குள் நுழைய வேண்டும். அம்மாவுக்குச் சோற்றுவாளி கொண்டுபோய் வாசலில் நின்று நின்று பார்த்தவள், கம்ப்யூட்டர் அறையும் அந்த ஜாதி என்று நினைத்துவிட்டாள். நான் சிரித்த சிரிப்பில் அவள் முகம் சிறுத்துப்போனது. ஆனாலும் பழக்கத்தை விடவில்லை. தினமும் கதவின் இரும்புக் கைப்பிடியைத் தொட்டுவிட்டுத்தான் உள்ளே வருவாள்.

மணி விளையாட்டைக் கொண்டுவந்தவர் அந்த இன்ஜினியர்தான். மெஷின் ஒழுங்காக ஓடுகிறதா என்று பார்க்க ஒரு பிளாப்பியைப் போட்டார், திரும்ப எடுத்துக்கொண்டு போக மறந்துவிட்டார். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் நானும் செல்வியும் கதவைச் சாத்திக்கொண்டு அதில் உட்காருவோம். ஜன்னலுக்குக் கறுப்புத் திரைச்சீலை, ஏசிக் குளிர், மூலையில் பிலிம் கழுவுகிற மருந்தின் புளிச்ச வாடை. பட்டப்பகலில் சிவகாசி நடு ஊருக்குள் உட்கார்ந்துகொண்டு நாங்கள் நடுங்கிய நடுக்கம் சொல்லி மாளாது. என் இங்கிலீஷ் அரைகுறை, அவளுடையது அதைவிட மோசம். மடியில் டிக்ஷனரி. வார்த்தைக்கு அர்த்தம் பார்த்து முடிப்பதற்குள் பக்கத்தில் ஏதாவது மூச்சு விட ஆரம்பித்துவிடும்.

இப்படித் தட்டுத்தடுமாறி ஒரு நாள் பீப்பாய் அறை வாசலுக்கு வந்தோம். மேலே துவாரம் வழியாகக் கொஞ்சம் வெளிச்சம். அங்கங்கே பீப்பாய்கள். தரையில் கறுப்புப் பொடி சிந்திக் கிடக்கிறது. சுவர்கள் இருட்டில் மறைந்திருக்கின்றன. இதுதான் அங்கே எழுதியிருந்தது. கறுப்புப் பொடி என்று படித்ததுமே செல்வி கீபோர்டிலிருந்து இரண்டு கையையும் எடுத்துவிட்டாள். நான் குச்சியைக் கிழிக்கலாம் என்றேன்.

"மருந்து ரூமுக்குள்ள தீக்குச்சியா? என்னக்கா பேசுறீக?"

விளையாட்டுத்தானே என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். அவள் நகரவில்லை. அன்றைக்கு வீட்டுக்குப் போய் அம்மாவிடம் கேட்டிருக்கிறாள். தினமும் ராத்திரி கஞ்சி குடிக்கும்போது கோட்டைக் கதையை ஒன்று விடாமல் அம்மாவிடம் ஒப்பித்துக்கொண்டிருந்தாள் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. கம்ப்யூட்டரைக் கண்ணால் கண்டிராத பாக்கியத்தம்மா உடனே தீர்ப்புச் சொல்லிவிட்டது. தீப்பெட்டியை வாசலுக்கு வெளியே வைத்துவிட்டு உள்ளே போகணும். திரும்பி வரும்போது எடுத்துக்கணும். கம்பெனி வாசலில் வாட்ச்மேன் சோதித்து வாங்கி வைத்துக்கொண்டு அனுப்புகிற மாதிரியே.

அப்படியே செய்தோம். பீப்பாய் அறை வாசலில் 'டிராப் மேட்சஸ்'. செருப்பைக் கழற்றட்டுமா என்றுகூடச் செல்வி ஒரு தடவை தட்டிப் பார்த்தாள், அந்த வார்த்தை எனக்குத் தெரியாது என்று அது மூஞ்சியில் அடித்தாற்போல் பதில் சொன்னது. வெறுங்கையோடு உள்ளே போவோம். கிழக்கே வந்த வழி ஒன்றுதான் தெரியும், மேற்கொண்டு போக்கிடம் கிடையாது. திரும்பி வருவோம். வருகிற பரபரப்பில் தீப்பெட்டியை எடுக்க மறந்துவிட்டு அடுத்த இருட்டில் நடப்போம், பள்ளத்தில் விழுந்து சாவோம். மறுநாள் முதலிலிருந்து ஆரம்பம். இரண்டு வாரம் இதே கூத்து. உலகத்திலேயே அந்த விளையாட்டில் தீப்பெட்டியை வாசலில் வைத்துவிட்டுச் செத்தவர்கள் நாங்கள் இரண்டு பேராகத்தான் இருப்போம்.

எனக்குப் பொறுமை போய்விட்டது. அதை இப்போது ஒத்துக்கொள்கிறேன். காலண்டர் சீசன், தீபாவளி சீசன் இரண்டும் சேர்ந்து ஊரே தலைதெறிக்க ஓடிக்கொண்டிருந்த நேரம். அன்று வெயில் தீயாய்க் காய்ந்தது. சாப்பிட்டு முடித்துச் செல்வி டிபன் டப்பாவைக் கழுவப் போனாள். நான் பீப்பாய் அறைக்குள் நின்றேன், கையில் தீப்பெட்டியோடு. அன்றைக்கு அவள் கண்ணில் படாமல் வாசலைத் தாண்டும்போது கீழே வைக்காமலே வந்திருந்தேன். 'லைட் மேட்ச்' என்று தட்டி என்டரை அமுக்கினேன்.

சத்தம் கேட்டது. காதுக்கு முன்னால் பாதத்தில் தெரிந்தது. ஜன்னல் கண்ணாடி கடகடவென்று ஆடியது. கரண்ட் போய்விட்டது. ஏசி நின்றது. திரை இருண்டுவிட்டது. அது என்ன பதில் எழுதியது என்று நான் பார்க்கவில்லை. திரும்பினால் செல்வி வாசலில் நிற்கிறாள். ஒரு கை இரும்புக் கைப்பிடியில். இன்னொரு கையில் தண்ணீர் சொட்டுகிற டிபன் டப்பா.

"எந்தப் பக்கம்க்கா?" என்றாள்.

சத்தம் கேட்டால் எங்கள் பக்கத்தில் எல்லோரும் கேட்கிற முதல் கேள்வி அதுதான். வெடித்துவிட்டது என்று யாரும் வாயைத் திறந்து சொல்ல மாட்டார்கள். சத்தம் கேட்டுச்சு என்பார்கள், அடுத்து எந்தப் பக்கம் என்பார்கள், அப்புறம் மொட்டைமாடிக்கு ஓடுவார்கள். நாங்கள் ஏறியபோது பைண்டிங் ஆட்கள், மெஷின் ஆட்கள் எல்லாம் அங்கே நின்றார்கள். சுற்றுவட்டாரத்தில் எந்தத் திசையில் எந்தக் கம்பெனி என்று ஒவ்வொருவருக்கும் அத்துப்படி. ஆமத்தூர்ப் பக்கம் ஒரு புகை நிமிர்ந்து நின்றது. பேசிக்கொண்டிருந்தவர்கள் செல்வியைப் பார்த்ததும் பேச்சை நிறுத்திவிட்டார்கள்.

"நார்த் ஈஸ்ட்" என்று செல்வி முணுமுணுத்தாள். விளையாட்டில் திசையைத் தட்டித் தட்டிப் பழகியது வாயில் வந்துவிட்டது.

பேப்பர் லோடு இறக்க வந்த வேனில் எங்களை ஏற்றி அனுப்பினார்கள். நான் ஏன் கூடப் போனேன் என்று கேட்டால் அவளைத் தனியாக விட மனமில்லை என்றுதான் எல்லோரிடமும் சொல்லிவந்திருக்கிறேன். உண்மை அது இல்லை. நான் பற்றவைத்ததால்தான் வெடித்தது என்று எனக்குத் தோன்றிவிட்டது. படித்தவள், புத்தி இருக்கிறது, அந்தக் கம்ப்யூட்டர் டப்பாவுக்கும் அந்தக் கம்பெனிக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை என்று தெரியும். தெரிந்து என்ன பிரயோசனம்? வேன் போகிற வழியெல்லாம் செல்வி திரையைப் பார்த்திருப்பாளா, கைப்பிடியைத் தொட்டுக்கொண்டு எவ்வளவு நேரமாக நின்றாள் என்பதுதான் மண்டைக்குள் ஓடிக்கொண்டிருந்தது. அவள் அம்மா உயிரோடு இருக்க வேண்டும் என்று கும்பிட்டேன். அதில் பாதி எனக்காகக் கும்பிட்டதுதான்.

கம்பெனிக்குள் கொஞ்ச தூரம்தான் விட்டார்கள். சின்னச் சின்ன அறைகள், ஒன்றுக்கொன்று தள்ளித் தள்ளி. அதில் ஒன்று இருந்த இடத்தில் இல்லை. இந்தப் பக்கம் ஒரு ஷெட் வாசலில் செருப்புகள் வரிசையாகக் கிடந்தன. காலையில் பெண்கள் கழற்றிப் போட்ட வரிசை கலையாமல் அப்படியே. செல்வி குனிந்து ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே போனாள். நீலவார்ச் செருப்பு ஒன்றின் முன்னால் உட்கார்ந்தாள். அறுந்த வாரைச் சிவப்பு நூலால் தைத்திருந்தது. கம்பெனிக்குள் இரும்புப் பின்னூசி கொண்டுபோகக் கூடாது என்பதால் நூல்.

"அம்மா செருப்பு கெடக்குக்கா" என்றாள் என்னைப் பார்த்து.

அவளுக்குப் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். சம்பளம் போடுகிற கிளார்க் அம்மா ஒருத்தி அழுதுகொண்டே அந்தப் பக்கமாக வந்தவள், எங்களைப் பார்த்து நின்றாள். "எல்லாரும் வெறுங்காலோடதாம்மா ஓடுனாக. செருப்பை வச்சு ஒண்ணும் சொல்ல முடியாது. காட்டுக்குள்ள போய்ப் பாருங்க" என்றாள்.

கம்பெனிக்குப் பின்னால் கண்ணுக்கெட்டிய மட்டும் சீமைக்கருவேலங்காடு. அதற்குள் அங்கங்கே பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள், காலெல்லாம் முள்ளோடு. ஒருத்தரும் முள்ளைப் பிடுங்கவில்லை. அம்மா அம்மா என்று கூப்பிட்டுக்கொண்டே போனாள் செல்வி. ஒரு மரத்தடியில் அலுமினியப் பொடி அப்பி முகம், கை, சேலை எல்லாம் வெள்ளி நிறமாக ஓர் உருவம் உட்கார்ந்திருந்தது. அது கண்ணைத் திறந்த பிறகுதான் மனுஷி என்று எனக்குத் தெரிந்தது. செல்வி பாய்ந்து போனாள்.

"தொடாத புள்ள. மேலெல்லாம் மருந்து" என்றது பாக்கியத்தம்மா.

தண்ணீர் குடிக்க வெளியே வந்ததாம். பக்கத்தில் உட்கார்ந்து வேலை செய்கிற சீனியம்மா, நீ போயிட்டு வா, உனக்கும் சேர்த்து நான் செலுத்துகிறேன் என்று சொன்னாளாம். இதையே திரும்பத் திரும்பச் சொன்னது. அன்றைக்கு வீடு திரும்பாதவர்களில் சீனியம்மா ஒருத்தி. மற்றவர்களைப் பற்றி எழுத எனக்குத் தெம்பில்லை. பேசிக்கொண்டே வந்த பாக்கியத்தம்மாவின் பார்வை என்மேல் வந்து நின்றது. கம்ப்யூட்டர் அக்காவா என்று மகளிடம் கேட்டது. அந்த நேரத்தில் அந்த மனுஷிக்கு அது எப்படி ஞாபகம் வந்ததோ தெரியாது. அதிர்ச்சியில் மனது எதையாவது பிடித்துக்கொள்ளும் என்கிறார்கள்.

"தீப்பெட்டிய வெளிய வச்சிட்டுத்தான போறீக?"

"ஆமாம்மா" என்றேன். செல்வியும் அதே நேரத்தில் ஆமா என்றாள்.

அதற்குப் பிறகு செல்வி அச்சகத்துக்கு வந்தாள், நாளும் நட்சத்திரமும் அடித்தாள், ஆனால் மத்தியானத்தில் அந்தப் பிளாப்பியைத் தொடவில்லை. நானும் தொடவில்லை. அடுத்த மாதம் இன்ஜினியர் வந்து எடுத்துக்கொண்டு போய்விட்டார். அவள் என் முகத்தைப் பார்த்துப் பேசுவது குறைந்துபோனது. பார்த்துவிட்டாள் என்று முடிவு செய்துகொண்டேன். ஒரு வார்த்தை கேட்டுவிட்டால் தேவலை என்று இருந்தது, கேட்டுவிடுவாளோ என்று பயமாகவும் இருந்தது. அடுத்த வருஷம் அவளுக்கு ஆலங்குளத்தில் மாப்பிள்ளை அமைந்தது, சிமெண்ட் பாக்டரி வேலை. எனக்கும் கல்யாணம் ஆனது. பத்திரிகை வைத்துக்கொண்டோம், மொய் செய்துகொண்டோம். போன வருஷம் பாக்கியத்தம்மா சர்க்கரை முற்றி இறந்தபோது துக்கம் கேட்கப் போனேன். அப்போதும் இதைப் பற்றி மூச்சு விடவில்லை.

இப்போது இந்த லேப்டாப். மகள் குளித்துவிட்டு வருவதற்குள் நான் எங்கே இருந்தேன் என்கிறீர்கள்? பீப்பாய் அறை வாசலில். வழியெல்லாம் விரலுக்கே ஞாபகம் இருந்தது. வாசலில் தீப்பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். அப்புறம் செல்விக்குப் போன் போட்டேன். சௌக்கியம் விசாரித்தாள், தையல் மிஷின் ஓடுகிற சத்தம் கேட்டது. நான் எங்கே நிற்கிறேன் என்று சொன்னதும் மிஷின் நின்றுவிட்டது.

எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். வாசலில் வைக்காமல் உள்ளே கொண்டுபோனது, கிழித்தது, அவளுடைய அம்மாவிடம் பொய் சொன்னது. சொல்லும்போது அழுகை வந்துவிட்டது.

"அக்கா, அதுக்கு முந்துன நாள் சாயந்திரம் நீங்க பஸ்ஸுக்குப் போன பெறகு நான் பத்த வச்சேன்" என்றாள். "பீப்பாய் பூராவும் காலிக்கா. மேக்கால ஒரு கதவு தெரிஞ்சுச்சு. மறுநா ஒங்ககிட்டச் சொல்லணும்னுதான் வந்தேன். அம்மா சொல்லை மீறிட்டமேன்னு வாய் வரல. டப்பாவைக் கழுவிட்டு வந்து சொல்லிருவோம்னு நெனச்சேன். அதுக்குள்ள சத்தம் கேட்டுச்சு."

அவள் என்னைப் பார்க்காமல் இருந்தது, நான் கண்டுபிடித்துவிட்டேன் என்று பயந்துகொண்டு. முப்பது வருஷத்துக்கு மேலாக இரண்டு பேரும் ஒரே பழியைத் தனித்தனியாகச் சுமந்துகொண்டு, ஒருத்தி கல்யாணத்தில் ஒருத்தி சாப்பிட்டிருக்கிறோம். போனைக் காதில் வைத்துக்கொண்டே உள்ளே போய் 'லைட் மேட்ச்' என்று தட்டினேன். என்டரை அமுக்கக் கை வரவில்லை. அமுக்குங்கக்கா என்றாள். அமுக்கினேன். பீப்பாய்கள் காலி, மேற்கே ஒரு கதவு இருக்கிறது என்று வந்தது. அவளுக்குப் படித்துக் காட்டினேன்.

"அம்மாகிட்டயாவது சொல்லிருக்கலாம்க்கா" என்றாள் செல்வி. "சிரிச்சிருக்கும்."

அந்த அச்சகம் இருந்த இடத்தில் இப்போது செல்போன் கடை. சத்தம் கேட்டால் யாரும் மொட்டைமாடிக்கு ஓடுவதில்லை, எந்தப் பக்கம் என்று ஐந்து நிமிஷத்தில் போனிலேயே படத்தோடு வந்துவிடுகிறது. சத்தம் மட்டும் நின்றபாடில்லை. இப்போதும் கேட்டால் எனக்கு முதலில் பாதத்தில்தான் தெரிகிறது, கை தானாக இரும்பைத் தேடுகிறது. மேற்கே இருந்த கதவைத் திறந்து நாங்கள் போகவில்லை, மணி அங்கேயே கிடக்கட்டும். தீப்பெட்டியை வெளியே வைத்துவிட்டுத்தானே போகிறீர்கள் என்று கேட்பதற்குத்தான் இப்போது ஆளில்லை.